விற்கக் கூடாத பத்து சென்ட்

லைப்ஸிக், ஜெர்மனி

அன்புள்ள தம்பிக்கு,

இன்னொரு பிக்கப் வண்டி எடுக்கலாமா, பக்கத்துப் பூமியைக் குத்தகைக்குப் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டுக்கும் பதில் உனக்கே தெரியும். கடைசியில் ‘இதெல்லாம் எதுக்குன்னே புரியலக்கா’ என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

1864-ல் பிள்ளைகள் விளையாடத் திடல் வேண்டும் என்று இந்த ஊரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிற்பாடு திடலோரத்தில் பாத்தி போட்டார்கள். சங்கத்துக்கு ஷ்ரேபர் என்ற மருத்துவரின் பெயரை வைத்திருந்தார்கள். ஷ்ரேபர் தோட்டம் என்ற பெயர் அப்படி வந்தது. இன்று இப்படிப்பட்ட வாடகைத் தோட்டங்களுக்கு 1983-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. ஒரு தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் கணக்கில் பத்து சென்ட். கொட்டகை 24 சதுர மீட்டருக்குள், அதில் குடியிருக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்காவது காய்கனி இருக்க வேண்டும். விளைச்சலை வியாபாரம் செய்யக் கூடாது. பெரும்பாலான சங்கங்களில் வேலி, பாதை என்று பொது வேலைக்கும் வர வேண்டும். வராதவர் பணம் கட்ட வேண்டும்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ‘விற்கக் கூடாது’தான். விலையே இல்லாத இடத்தில் ஆசைக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. முதல் வருடமே முழு நிலத்தையும் கொத்துகிறவர்கள்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஜூன் களை ஏறியதும் அது இன்னொரு வேலையாகிவிடுகிறது.

நீலகிரியில், கேத்தியில் நம் பூமியின் கீழ்க்கோடியில், ஓடையோரம் சீகை (வாட்டில் என்கிற அயல் மரம்) அடைந்து கிடக்கும் பத்து சென்ட்டை இப்படி எதையும் விற்காத தோட்டத்துக்கு ஒதுக்கு. நம் மலைக்காட்டுக்கே உரிய சோலை மரம் வை. கேரட் என்றால் நான்கு மாதத்தில் மண்டிக்குப் போய்க் கணக்கு முடிந்துவிடும். சோலை மரத்துக்கு உன் காலத்தில் கணக்கே முடியாது.

சீகையை மொத்தமாக வெட்டிவிடாதே. நிழல் போனால் கன்று உறைபனியில் கருகும். வெயில் பட்டதும் மண்ணில் பல வருடம் உறங்கிய சீகை விதையெல்லாம் ஒன்றாக முளைக்கும். மழையில் ஊறிய மண்ணில் சின்னச் சீகையை வேரோடு கையால் பிடுங்கு. பெரிய மரத்தில் கை வைக்குமுன் வனத்துறையிடம் கேள். 1955-ஆம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்துக்கும் உண்டு. கன்றும் அவர்கள் நாற்றங்காலில் விசாரி.

முதல் வருடம் இருபது கன்று போதும். ஆறடி இடைவெளி, ஒன்றரை அடிக் குழி. காட்டுப்பூவரசு வெட்டவெளியையும் பனியையும் தாங்கும், அதை மேட்டோரம் வை. நாவல் வகைகளைச் சீகை நிழலில் வை. ஜூன் மழை பிடித்ததும் நட்டால் டிசம்பர் பனிக்குள் வேர் பிடித்துவிடும். பனிக்காலத்தில் மாலையில் ஒவ்வொரு கன்றின் மேலும் பெரணித் தழையைச் சாய்த்து மூடு. கடமான் நுனியைக் கடிக்கும், காட்டெருமை மிதிக்கும். நாலு குச்சி நட்டு முள் கட்டு.

ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பது வரை மட்டும் போ. இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. நீயாகத்தான் அங்கே அதை வைத்துக்கொள்ள வேண்டும். மண்டி விலை கேட்கும் போன் வீட்டில் கிடக்கட்டும். தனியாகப் போகாமல் தெருப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிப் போ. நீ போகாத வாரம் ‘ஏன் வரலண்ணா’ என்று வாசலில் வந்து நிற்பார்கள்.

எந்தெந்தக் கன்று கிடைத்தது என்று எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா