மலைப்பாதையில் கூடாரம் அடிக்க ஓரிடம் ஒதுக்குங்கள்: ஒரு திறந்த மடல்

நீலகிரியின் சாலை, சுற்றுலா, வனம் ஆகியவற்றின் பொறுப்பிலுள்ள அலுவலர்களுக்கு,

வணக்கம்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த, மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸ் எனும் இணைய அனுமதிச் சீட்டு பற்றியோ, முதுமலை–பந்திப்பூர் வழியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை உள்ள போக்குவரத்துத் தடை பற்றியோ தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டும் வேண்டியவையே. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், உதகை, நடுவட்டம், கூடலூர் வழியாக மைசூர் வரை சொந்த வண்டியில் கூடாரமும் அடுப்புமாகப் போகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: காட்டுக்கும் யானை வழித்தடத்துக்கும் வெளியே, கழிப்பறையும் தண்ணீரும் காவலும் உள்ள ஓரிடத்தை, கட்டணம் வாங்கிக்கொண்டே, இரவில் கூடாரம் அடிக்க ஒதுக்கித் தாருங்கள்.

சென்ற கோடையில் ஒரு மலைப்பாதையில் மரம் விழுந்து வண்டிகள் தேங்கியதால், சோதனைச்சாவடி அடைபட்ட பிறகே போய்ச் சேர்ந்தோம். யானை நடமாட்டம் இருப்பதால் கூடாரம் அடிக்கக் கூடாது, வண்டியை விட்டு இறங்கி அப்பால் போகவும் கூடாது என்று பணியிலிருந்தவர் மரியாதையாகவே சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனால் உடன் வந்த என் அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை நோயாளி. சாவடியை ஒட்டிப் புதிதாக நீலச் சாயம் பூசிய கழிப்பறை இருந்தது. கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி பகல் பணியாளரோடு வீட்டுக்குப் போய்விட்டது. திறந்தவெளியை அசுத்தம் செய்யாதீர் என்று அதன் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நாக்கு வறண்டும் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல், முன்னிருக்கையின் கைப்பிடியைப் பிடித்தபடி அம்மா விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

கூடாரம் ஆபத்து என்பீர்கள், மறுக்கவில்லை. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் கூடாரத்தில் தங்கிய பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். அதே மாதம், மசினகுடியில் விடுதியொன்றின் அருகே எரியும் டயர் வீசப்பட்டுக் காயமடைந்த யானை இறந்தது. யானை நடக்கும் இடத்தில் ஆட்களைத் தங்கவைத்ததால் வந்த வினை இரண்டும். அதனால்தான் இடத்தைத் தாங்களே தேர்ந்து தரும்படி கேட்கிறோம். நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தில் கான்கிரீட் விடுதிகள் ஒவ்வொன்றாக எழுந்தபோது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு விவகாரம் வளரும்வரை, எங்கே இருந்தது என்று தெரியாத கடமையுணர்ச்சி, நான்கு முழத் துணியைக் கண்டதும் விசில் ஊதிக்கொண்டு ஓடி வருவதில் எங்களுக்கும் மகிழ்ச்சியே. மன்னிக்கவும், கேட்க வந்தது இதுவன்று.

அடுத்த கோடைப் பருவத்துக்கு முன், வருவாய்த் துறை நிலத்தில் ஒன்றிரண்டு ஏக்கரையாவது கூடாரத் திடலாக அறிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதற்குக் கோப்பு நகர வேண்டும், நாளாகும் என்பது தெரியும். சாவடிக் கழிப்பறைகளின் சாவியை இரவுப் பணியாளரிடம் கொடுத்துவைக்க எந்தக் கோப்பும் நகர வேண்டியதில்லை. அதை இந்த வாரமே செய்யுங்கள்.

இப்படிக்கு,
இவ்வழியே மீண்டும் வரவிருக்கும் ஒரு பயணி