விஎம்முக்குள்ள என்விடிஏ கீ: நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம்.

நம்மகிட்ட மெஷின் வாங்கி, அதுல விர்ச்சுவல் மெஷின் (சுருக்கமா விஎம், கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடுறது) போட்டு, உள்ள விண்டோஸ்ல, திரையில இருக்கிறதை குரல்ல படிச்சுக் காட்டுற என்விடிஏ வச்சு வேலை பாக்குறவங்க ரங்கூன்லயும் மோல்மேன்லயும் இருக்கீங்க. எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், என்விடிஏ கட்டளைக்கு அமுக்கிப் பிடிக்க வேண்டிய இன்செர்ட் கீயே மேக்புக்ல இல்லையே, கேப்ஸ் லாக்கை வச்சாலும் ஒரு நேரம் கேக்குது ஒரு நேரம் கேக்கலையே, என்ன பண்றதுன்னு. போன்ல துண்டு துண்டா சொல்றதுக்கு பதிலா மொத்தமா எழுதிடுறோம்.

கேப்ஸ் லாக்கை விட்டுடுங்க. மேக் அதை சாதாரண கீயா பாக்காது, ஆன் ஆஃப் சுவிட்சா தான் பாக்கும், அதனால நீங்க அமுக்கிப் பிடிச்சிருக்கீங்கன்ற சேதி உள்ள இருக்கிற விண்டோஸுக்கு ஒழுங்கா போய் சேராது. ரங்கூன் தாம்வேல கணக்கு எழுதுற அக்கா ஒருத்தவங்க, பாஸ்வேர்டு சரியா அடிச்சும் தப்பு தப்புன்னே வருதுன்னு மெஷினை தூக்கிட்டு வந்தாங்க, பாத்தா மேக்ல கேப்ஸ் ஆஃப், விஎம் உள்ள கேப்ஸ் ஆன், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா நிக்குது. கண்ணு தெரியுறவங்களாச்சும் திரையில வர்ற எச்சரிக்கையைப் பாத்துடுவாங்க, இவங்க பாவம் காலையில இருந்து அதோட மல்லுக்கட்டிட்டு இருந்திருக்காங்க.

நாங்க சொல்றது இதுதான், ஸ்பேஸ் பாருக்கு வலது பக்கம் இருக்கிற கமாண்ட் கீயை விஎம் உள்ளயே இன்செர்ட்டா மாத்திடுங்க. மேக்ல விஎம் ஓட்டுற விஎம்வேர் ஃப்யூஷன்ல அந்த கீ உள்ள போறப்ப வலது விண்டோஸ் கீயா போகும், அதை யாரும் பெருசா பயன்படுத்துறதும் இல்ல. ஷார்ப்கீஸ்னு ஒரு இலவச ப்ரோக்ராம் இருக்கு, அதுல டைப் கீ பட்டனை அமுக்கி எந்த கீன்னு நேரா அடிச்சே காட்டலாம், பட்டியல்ல தேட வேண்டாம், அப்புறம் ரைட் டு ரெஜிஸ்ட்ரி குடுத்து விஎம்மை ரீஸ்டார்ட் பண்ணுங்க. அது வேற ஒண்ணும் பண்றதில்ல, விண்டோஸ் தன்னோட செட்டிங்ஸை வச்சிருக்கிற ரெஜிஸ்ட்ரில கீபோர்ட் லேஅவுட்ன்ற இடத்துல ஸ்கேன்கோட் மேப்னு 20 பைட் எழுதி வைக்குது, அவ்வளவுதான். அதைக் கையால எழுதப் போறவங்க கவனிங்க, புது கீயோட கோடு முதல்ல, பழைய கீயோடது அப்புறம், மாத்திப் போட்டா உல்டாவா வேலை செய்யும். எதுக்கும் முன்னாடி விஎம்மோட ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்துக்கோங்க, தப்பானா பழைய நிலைக்கே திரும்பிடலாம்.

மைக்ரோசாஃப்ட்டோட பவர்டாய்ஸ் ப்ரோக்ராம்லயும் கீ மாத்தலாமே, எதுக்கு ரெஜிஸ்ட்ரின்னு சில தம்பிங்க கேக்குறாங்க. பவர்டாய்ஸ் நீங்க லாகின் பண்ணி உள்ள போனப்புறம் தான் ஓடும். நம்ம ஊர்ல கரண்ட் போறதும் வர்றதும் உங்களுக்கே தெரியும், ஒவ்வொரு தடவையும் மெஷின் திரும்ப எழுந்து நிக்கிறது லாகின் ஸ்கிரீன்ல, அங்க கீ இல்லேன்னா பக்கத்து வீட்டு ஆளைத்தான் கூப்பிடணும், அது நமக்கு வேண்டாம். ரெஜிஸ்ட்ரில எழுதினது அங்கயும் வேலை செய்யும். என்விடிஏ செட்டிங்ஸ்ல, லாகின் ஸ்கிரீன்லயும் பேசுன்ற டிக் மட்டும் போட்டிருக்கணும். இன்செர்ட் என்விடிஏவுக்கு ஆரம்பத்துல இருந்தே இருக்கிற கீ, அதனால அங்க வேற எந்த செட்டிங்கும் தேவைப்படாது. இன்னொரு நல்லது, இந்த மாற்றம் லேஅவுட்டுக்கும் கீழ நடக்குது, நீங்க தமிழ்99ல இருங்க, பர்மீஸ்ல இருங்க, இங்கிலீஷ்ல இருங்க, கீ அதே கீ தான்.

வெளியவும் விண்டோஸ், உள்ளயும் விண்டோஸ்னு வச்சிருக்கிறவங்களுக்கு சிக்கல் வேற. இன்செர்ட்டை வெளிய இருக்கிற என்விடிஏ முதல்ல பிடிச்சிக்கும், உள்ள இருக்கிறதுக்கு விடாது. விஎம் விண்டோல நின்னுட்டு என்விடிஏ, ஷிஃப்ட், எஸ் மூணையும் சேத்து அமுக்குங்க, என்விடிஏவை லேப்டாப் லேஅவுட்ல வச்சிருந்தா எஸ்ஸுக்கு பதிலா இசட், வெளிய இருக்கிறது அந்த ஒரு ப்ரோக்ராமுக்கு மட்டும் தூங்கிடும். விர்ச்சுவல்பாக்ஸ்காரங்க வலது கண்ட்ரோலை இன்செர்ட்டா மாத்தாதீங்க, விஎம்ல இருந்து வெளிய வர்றதுக்கான ஹோஸ்ட் கீயே அங்க அதுதான். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன்ல என்விடிஏவை ஆரம்பிக்க கண்ட்ரோல் ஆல்ட் என் அமுக்குறப்ப, கண்ட்ரோல் ஆல்ட்டை விடாம நடுவுல ஒரு தடவை ஸ்பேஸ் தட்டி எடுத்துட்டு என் அமுக்குங்க, இல்லேன்னா விஎம்வேர் அதை தனக்குன்னு எடுத்துக்கும்.

மேக்கோட சொந்த படிச்சுக் காட்டுற ப்ரோக்ராமான வாய்ஸ்ஓவர் ஓடிட்டிருந்தா விஎம்முக்குள்ள போகுமுன்னாடி கமாண்ட் எஃப்5 அமுக்கி நிறுத்திக்கோங்க, ரெண்டு குரலும் ஒண்ணா பேசினா எதுவும் புரியாது.

தனியா செய்ய தயக்கமா இருந்தா கடைக்கு வாங்க, இதுக்கு காசு வாங்க மாட்டோம். உங்க ஹெட்போனை எடுத்துட்டு வாங்க, பாஸ்வேர்டை நீங்களே அடிங்க, எங்ககிட்ட சொல்ல வேண்டாம். மெஷினை ஒரு தடவை முழுசா ஆஃப் பண்ணி, லாகின் ஸ்கிரீன்ல நீங்களே அமுக்கிப் பாத்து சரின்னு சொன்னப்புறம் எடுத்துட்டுப் போங்க.