ஊர்காவற்றுறைக்கு ஒரு பலகை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறையில் வந்திருந்த என் தங்கையின் மகள், யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான எழுவைதீவைப் பார்க்க ஆசைப்பட்டாள். பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை என்று பஸ்ஸில் போய் ஊர்காவற்றுறையில் இறங்கினோம். படகு புறப்பட்டுவிட்டிருந்தது. அடுத்தது எப்போது என்று எழுதிவைத்த எதுவும் என் கண்ணில் படவில்லை. மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று நேரம் சொன்னார்கள். நான்காமவர், "பாதை இப்பதான் அந்தக் கரைக்குப் போனது" என்றார். பிள்ளை திடுக்கிட்டு, நாங்கள் வந்த தெருவைத் திரும்பிப் பார்த்தாள். காரைநகருக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையைத்தான் நாங்கள் 'பாதை' என்கிறோம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

காத்திருந்த நேரத்தில் கரையோரம் நடந்தோம். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையில் இப்போது மிஞ்சியிருப்பவை பற்றை மூடிய சில சுவர்கள்தான். எதிரே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டை தப்பிவிட்டது. அதையும் போர்த்துக்கேயரே கட்டினர்; 1658இல் ஒல்லாந்தர் பிடித்தனர். இலங்கையின் வடிவம் பன்றித் தொடை போலிருப்பதாக எண்ணி, அதன் குதிக்கால் என்ற பொருளில் ஹமன்ஹீல் என்று பெயரும் வைத்தனர். பெயர் சூட்டுவதில் அவர்களுக்கு இருந்த ரசனை அவ்வளவுதான். ஒரு காலத்தில் இந்தத் துறையிலிருந்து யானைகள் கப்பலேறின. ஊர்காவற்றுறைக்கு வழங்கும் கயிட்ஸ் என்ற மற்றப் பெயரே, துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட ஆணை அது. பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களைக் காக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபப் பொருள் ஏற்றிய கப்பலானால் சரிபாதி. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. கரைக்கு வந்த அந்நியன் கப்பலையே இழந்து நின்றாலும், அவனுக்கு என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் கேட்டது படகு நேரம் மட்டுமே.

அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் இதுதான் வாசல். தீவு மக்களுக்கு நேரம் மனப்பாடம்; அவர்களுக்குப் பலகை தேவைப்படாது என்பது உண்மையே. ஆனால் வெளியூரிலிருந்து வருபவர்கள் தேநீர்க் கடைக்காரரையே தகவல் நிலையமாக்கிவிடுகிறார்கள். அன்று எங்களுக்குத் தன் வாங்கைத் தந்து, நிழலில் இருத்தி, படகு வந்ததும் கூப்பிட்டு அனுப்பிய அந்த மனிதருக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

பொறுப்பானவர்களிடம் நான் கேட்பது இறங்குதுறையில் ஒரே ஒரு பலகை. ஒரு பக்கத்தில் கல்வெட்டின் வரிகளும் அவற்றுக்கு எளிய தமிழில் பொருளும் இருக்கட்டும். மறுபக்கத்தில் படகு நேரமும் கட்டணமும். அதிலும் தீவிலிருந்து கடைசிப் படகு எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அன்று மாலை அதைப் பிடிக்க நாங்கள் ஓடிய ஓட்டத்தில் பிள்ளையின் ஒரு செருப்பு எழுவைதீவிலேயே தங்கிவிட்டது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோப்பாய்