பங்களாவை விடுங்கள், அரட்டைப் பெட்டியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

இணையத்தில் நேரலை வீடியோ நடத்திச் சோஷலிசம் பேசும் நேரலைக்காரர் ஒருவர் பங்களா வாங்கினால் உடனே கேலி கிளம்புகிறது. மார்க்ஸின் தோழர் ஏங்கெல்ஸே 1864இல் மான்செஸ்டர் பருத்தி நிறுவனத்தில் பங்குதாரரானவர்தான். மார்க்ஸ் குடும்பத்துக்குக் கைகொடுத்ததும் அந்தப் பணமே. வீட்டை விடுங்கள், பணம் வரும் வழியைப் பாருங்கள்.

ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தை 2014இல் அமேசான் சுமார் 97 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே பார்வையாளர்கள் கட்டும் சந்தாப் பணத்தில் தளத்துக்கும் நேரலைக்காரருக்கும் வழக்கமான பங்கீடு பாதிக்குப் பாதி. அமேசான் கிடங்குத் தொழிலாளருக்காகத் தொண்டை கிழிய முழங்கும்போது வந்து விழும் சந்தாவிலும் அமேசானுக்குப் பங்கு உண்டு! யூடியூப் நேரலையில் பார்வையாளர்கள் பணம் கட்டி அனுப்பும் செய்தியான சூப்பர் சாட்டில் கூகுளுக்கு 30 சதவீதம்.

அதைவிட உறுத்துவது, நேரலையின்போது பார்வையாளர்கள் கருத்து எழுதும் அரட்டைப் பெட்டி. மணிக்கணக்கில் உட்கார்ந்து வசவுகளை நீக்குவதும், தொல்லை தருபவர்களைத் தடைசெய்வதும், இணைப்புகளைச் சரிபார்ப்பதும் மாடரேட்டர்கள். பெரும்பாலும் சம்பளமே இல்லாத ரசிகர்கள். சுரண்டல் பற்றிய வகுப்பு நடப்பதே இந்த இலவச உழைப்பின் மேல்தான். தளத்தின் பங்கை நேரலைக்காரரால் மாற்ற முடியாது, சரி. மாடரேட்டருக்கு மணிக்கூலியும் வீடியோ வெட்டித் தருபவருக்கு எழுத்து ஒப்பந்தமும் கொடுக்க யார் அனுமதி வேண்டும்?