இடக்கை சல்யூட்

அப்பா மதராஸ் ரெஜிமென்ட் ஹவில்தார், 1971 போரில் இருந்தவர். பக்கவாதத்தில் படுத்தபின் முதுகில் புண் வந்துவிட்டது. டிரெஸ்ஸிங் செய்யத்தான் உங்களை அழைத்தோம், சிஸ்டர். நீங்களோ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க எங்களுக்கும் கற்றுக்கொடுத்தீர்கள். கஞ்சியைத் துப்புகிறவர், "ஹவில்தார் சாப், ரேஷன் வந்தாச்சு" என்று நீங்கள் சொன்னால் வாயைத் திறப்பார். எங்களிடம் மட்டும் அடம்!

டிசம்பர் 16, அந்தப் போரில் நாம் வென்ற நாள். அன்று உங்களுக்கு விடுமுறை. யாரும் கூப்பிடவில்லை. காலையிலேயே வந்து அவருக்குச் சவரம் செய்து, டிரங்குப் பெட்டியில் கிடந்த பதக்கங்களைத் துடைத்துச் சட்டையில் குத்திவிட்டீர்கள். அசைகிற இடக்கையால் அப்பா சல்யூட் வைத்தார். முறைப்படி வலக்கைதான். நீங்களும் இடக்கையாலேயே திருப்பி வைத்தீர்கள்.

அப்பா போய் நாற்பது நாளாகிறது. உங்கள் பழைய எண்ணில் யாரும் எடுப்பதில்லை. இதைப் பார்த்தால் ஒருமுறை வீட்டுக்கு வாருங்கள், சிஸ்டர். அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.