முன் டயரை முதலில் தேடு

யாழ்ப்பாணம்,
ஆவணி மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். சோளகம் இன்னும் ஓயவில்லை. முற்றத்தைக் கூட்டிய கையோடு மறுபடியும் புழுதி படிகிறது என்று அம்மா காற்றோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்.

நீ அனுப்பிய படங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். உன் மோட்டார் சைக்கிளுக்கென்று கொழும்பு வியாபாரி மலிவாகத் தருகிறேன் என்று சொல்லும் அந்தச் சோடி டயர்களை வாங்காதே. இதைத் தொலைபேசியில் சொன்னால் “ஓம் அப்பா, ஓம் அப்பா” என்றுவிட்டு உன் விருப்பப்படியே செய்வாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அவை பந்தயத் தடத்துக்காகச் செய்த டயர்கள். பொது வீதிக்கு உரியதல்ல என்று பக்கச் சுவரில் ஆங்கிலத்தில் பொறித்திருப்பது உன் இரண்டாவது படத்திலேயே தெரிகிறது. நகத்தால் அழுத்தினால் பதிகிறது, அவ்வளவு மெதுமை என்று எழுதியிருந்தாய். மெதுமை உண்மைதான். ஆனால் அந்த வகை ரப்பர் நன்றாகச் சூடேறிய பிறகுதான் வீதியைப் பிடிக்கும். பந்தயக்காரர்கள் ஓட்டத்துக்கு முன் டயருக்கு மின்சாரப் போர்வை சுற்றி, 80 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். இறங்கிய பிறகு பெரிய எஞ்சினும் கடும் பிரேக்கும் அந்தச் சூட்டைத் தணியவிடாமல் வைத்திருக்கும். உன் ஹோண்டா ஹோர்னட் வண்டியின் வலு 40 குதிரை. விடியற்காலையில் பனிமூட்டத்துக்குள் பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்குப் போகிற நீ அந்த டயரை எதைக் கொண்டு சூடாக்கப் போகிறாய்? சூடேறாத பந்தய டயர், சாதாரண டயரைவிட மோசமாக வழுக்கும். போதாக்குறைக்கு அது ஒருவர் ஓடிக் கழித்தது. அந்த ரப்பர் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். தவாளிப்பும் குறைவு, மழைநீர் போக வழியில்லை.

நீ பிடிப்பான டயர் கேட்பதில் எனக்கு முழுச் சம்மதம். அதில் நான் கஞ்சத்தனம் காட்டுகிற ஆள் இல்லை. ஆனால் எந்த வீதியில், எந்த நேரத்தில் பிடிக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்.

இப்போது வண்டியில் இருக்கும் பின் டயரை ஒரு தடவை குந்தியிருந்து பார். நடுவில் மூன்று விரல் அகலத்துக்குத் தட்டையாகத் தேய்ந்திருக்கும். இரண்டு ஓரங்களிலும் புது டயரில் வரும் சின்ன ரப்பர் மயிர்கள்கூட அங்கங்கே உதிராமல் நிற்கும். வண்டி இங்கே ஓடிய காலம் முழுவதும் ஏ-9 வீதி, சங்குப்பிட்டிப் பாலம், பண்ணைப் பாலம் என்று நேர்கோட்டிலேயே ஓடியது. குடாநாட்டில் வண்டியைச் சாய்ப்பதற்கு வளைவு ஏது? அப்படித் தட்டையான டயரோடு மலைநாட்டு வளைவில் சாய்த்தால், தட்டை முடிகிற விளிம்பு வரும்வரை வண்டி மறுத்து நிற்கும். விளிம்பைத் தாண்டியதும், திண்ணையிலிருந்து கால் நழுவி இறங்கியவன் போலத் திடீரென்று விழும். “வளைவில் வண்டி தானாக உள்ளே இழுக்கிறது” என்று நீ எழுதியது இதைத்தான். முன் சில்லைப் பிடித்திருக்கும் போர்க்கைக் குறை சொல்லாதே. புது டயரின் முழு வளைவு வந்ததும் அந்தக் குணம் பெரும்பாலும் போய்விடும்.

இனி அளவு. உன் வண்டியில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஹோண்டா 1996இல் இந்த 250 ஹோர்னட்டை விட்டபோது, சில்லு அளவுகளில் தன் பெரிய வண்டியான அக்காலத்துச் சி.பி.ஆர். 900ஐயே பின்பற்றியது: முன்னுக்கு 130/70–16, பின்னுக்கு 180/55–17. முதல் எண் டயரின் அகலம் மில்லிமீற்றரில், அடுத்தது பக்க உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 250 சி.சி. வண்டிக்கு அந்தப் பின் டயர் அதிகம்தான். பார்க்க எடுப்பாக இருக்கும், நீயும் அதில் மயங்கித்தானே வாங்கினாய். பின் அளவு இன்றைக்கும் உலகம் முழுவதும் ஓடுகிற அளவு; நல்ல கம்பெனி எல்லாமே செய்கின்றன. முன் அளவின் கதை வேறு. 2000ஆம் ஆண்டில் சி.பி.ஆர். 900 வரிசையும் 600 ஹோர்னட்டும் முன் சில்லை 17 அங்குலத்துக்கு மாற்றிக்கொண்டன. அதற்குப் பிறகு 16 அங்குலத்தில் நல்ல முன் டயர் செய்ய வேண்டிய தேவை குறைந்துபோனது. ஆகவே பின் டயரைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குச் சோடியாக முன் டயர் தேடி அலையாதே. முன் டயரை முதலில் தேடு. அது எந்தக் கம்பெனியின் எந்த வரிசையில் கிடைக்கிறதோ, அதே வரிசையில் பின்னுக்கு வாங்கு. முன்னுக்கு ரேடியல், அதாவது உள்நூல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும் வகை என்றால், பின்னுக்கும் ரேடியல். ஒன்று ரேடியல், மற்றது பழைய குறுக்கு நூல் வகை என்று கலந்து போடாதே.

தேடும்போது உனக்கு ஒரு ஸ்கூட்டர் டயரைக் காட்டுவார்கள். 130/70–16 என்ற அதே இலக்கம் அதிலும் இருக்கும், ஏனென்றால் ஹோண்டாவின் எஸ்.எச். 300 ஸ்கூட்டரின் பின் சில்லுக்கு அதே அளவுதான். விலையும் குறைவு. ரிம்மில் பொருந்தவும் பொருந்தும். ஆனால் அது ஸ்கூட்டரின் பின் சில்லுக்காகச் செய்தது. நீ அதை முன் சில்லில் போட்டுத்தான் கடும் பிரேக் பிடிக்கப் போகிறாய். அளவுக்குப் பக்கத்தில் உள்ள வேக எழுத்தைப் பார். டயர் தாங்கும் உச்ச வேகம் அது: பி (P) என்றால் மணிக்கு 150 கிலோமீற்றர், எஸ் என்றால் 180, எச் 210, வி 240, டபிள்யூ 270. உன் வண்டிக்கு எச் தாராளமாகப் போதும். ஆனால் அந்த அளவில் வரும் நல்ல டயர்களில் பெரும்பாலும் அதற்கு மேலான எழுத்துத்தான் இருக்கும், அதில் பிழையில்லை.

உன் நண்பன் சொன்ன 160/60–17 யோசனையையும் கேட்டேன். பின் டயர் மெலிந்தால் வண்டி இலேசாகத் திரும்பும் என்பது வாஸ்தவம். ஆனால் 160/60 டயருக்கு உரிய ரிம் நாலரை அங்குலம். 180/55க்கு ஐந்தரை. அகன்ற ரிம்மில் மெல்லிய டயரைப் பூட்டினால் பக்கங்கள் இழுபட்டு, டயரின் முதுகு தட்டையாகிவிடும். தட்டையைக் கழற்ற நினைத்துக் காசு கொடுத்துத் தட்டையையே வாங்குகிற வேலை அது. முன்னுக்கு 17 அங்குலச் சில்லு மாற்றுகிறவர்களும் உண்டு. 120/70–17இன் வெளிவிட்டம் ஏறத்தாழ 600 மில்லிமீற்றர், உன்னுடையது 588. முன்பக்கம் ஆறு மில்லிமீற்றர் அளவுக்கு உயரும், திரும்பும் குணம் மாறும். சில்லு, அச்சு, பிரேக் தட்டு என்று வேலை நீளும். செய்யலாம். இந்த வருடம் வேண்டாம்.

எந்த வகை என்று கேட்டால், என் பதில் ஸ்போர்ட் டூரிங் என்கிற தூரப்பயண விளையாட்டு வகை. மிச்செலின் ரோட், பிரிட்ஜ்ஸ்டோன் பேட்லாக்ஸில் டி வரிசை, மெட்ஸலர் ரோட்டெக், பிரெல்லி ஏஞ்சல், டன்லப் ரோட்ஸ்மார்ட் எல்லாம் அந்த இனம். பெயரில் “தூரப்பயணம்” என்றிருப்பதால் கிழவர்களுக்கான டயர் என்று முகத்தைச் சுளிக்காதே. இவற்றின் ரப்பரில் சிலிக்கா கலந்திருக்கும்; குளிரிலும் ஈரத்திலும் பிடிப்பது அதனால்தான். பின் டயரில் நடுப்பகுதிக்கு உறுதியான ரப்பரும் இரு தோள்களுக்கு மெதுவான ரப்பரும் வைத்துச் செய்கிற வகையும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு லீவில் வரும்போது நடு தேயும், எல்ல–வெல்லவாய இறக்கத்தில் தோள் பிடிக்கும். உனக்கு வேண்டியது அதுதான்.

அடுத்தது வயது. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் படி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தியது. கடைக்காரரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வா. 16 அங்குல முன் டயர் மெதுவாக விற்கிற சரக்கு என்பதால், கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலும் சரி, வேறெங்கும் சரி, கடையின் மேல்தட்டில் வருடக்கணக்காகக் கிடந்தது உன் கைக்கு வரக்கூடும். தவாளிப்பின் அடியை விரித்துப் பார். முடியளவு வெடிப்புத் தெரிந்தால், எவ்வளவு கறுப்பாகப் பளபளத்தாலும் அது கிழடு. பளபளப்பு பூசினால் வரும். வெயிலும் சூடும் ஓசோனும் ரப்பரை இறுக்கிவிடும், இறுகிய ரப்பர் மறுபடி இளகாது. பெயர் பெற்ற பழைய டயரைவிட, நடுத்தரப் பெயருள்ள புதிய டயர் உன்னை நன்றாகக் காப்பாற்றும்.

எங்கள் தலைமுறைக்கு டயரைக் கழற்றி எறிய மனம் வராது என்பது உனக்குத் தெரியும். 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில், காபுரேற்றருக்குச் சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது. டயர் கிழிந்தால் உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து ஓட்டினோம். நூல் தெரிந்த பிறகும் ஓட்டினோம். அப்போது வீதியில் வேகமும் இல்லை, வேறு வழியும் இல்லை. உனக்கு இரண்டும் இருக்கிறது. நடுத்தவாளிப்பின் அடியில் உள்ள தேய்மானக் கட்டையோடு ரப்பர் சமமாகிவிட்டால் மாற்று. அந்தக் கட்டை எங்கே என்று பக்கச் சுவரில் ஒரு சிறு குறி காட்டும்.

பூட்டுகிற இடத்தில் நீ பக்கத்தில் நில். வெட்கப்படாதே. டயரில் உள்ள அம்பு சில்லு சுற்றுகிற திசையைப் பார்க்க வேண்டும். காற்று வால்வைப் புதிதாகப் போடச் சொல். எடைச் சமநிலை பார்க்காமல் சில்லை வாங்காதே. சில்லு கழன்றிருக்கும் நேரத்தில் பெயாரிங்குக்குள் விரலை விட்டுச் சுழற்றிப் பார். மணல் அரைகிற உணர்வு வந்தால் அதையும் மாற்று. உனக்கும் அந்த வண்டிக்கும் ஏறத்தாழ ஒரே வயது. உன் முழங்காலே படியேறும்போது சத்தம் போடுகிறது என்கிறாய், அதன் பெயாரிங் மட்டும் இளமையாக இருக்குமா? பின் சொக் அப்சோர்பரும் களைத்துப்போயிருந்தால், டயரை மட்டும் மாற்றிவிட்டு அதிசயம் எதிர்பார்க்காதே.

புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீற்றர் வரை கடுமையாகச் சாய்க்காமல், கடுமையாகப் பிரேக் பிடிக்காமல் ஓடு. சாய்வை நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டு. காற்றைக் காலையில், வண்டி எடுக்கும் முன், ஆறிய டயரில் அள. அளவு வண்டியில் ஒட்டிய தாளில் இருக்கிறது; தாள் உரிந்து போயிருந்தால் கையேட்டில் பார். யாரோ சொன்னார்கள் என்று பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்காதே. அது பந்தயத் தடத்துப் பழக்கம். மழையில் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவதற்கு அந்தக் காற்று வேண்டும். இங்கிருந்து புறப்படும்போது மத்தியான வெயிலில் அடித்த காற்றை நம்பியும் இருக்காதே. வெப்பநிலை பத்துப் பாகை இறங்கினால் ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையும். மேலே போய் மறுநாள் காலை மறுபடி அள.

என்ன டயர் போட்டாலும் வளைவில் லொறி சிந்திய டீசலையும், தேயிலைத் தோட்ட வாகனம் இழுத்துவந்த சேற்றையும், நனைந்த சருகையும் எதுவும் பிடிக்காது. அதை உன் கண்தான் பார்க்க வேண்டும்.

அம்மாவின் கட்சி வேறு. வண்டியை விற்றுவிட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கச் சொல் என்கிறார். டன்லப் என்ற பெயரை நீ டயரில் பார்க்கிறாயே, அந்த ஜோன் பாய்ட் டன்லப் பெல்பாஸ்டில் மிருக வைத்தியராக இருந்தவர். மகனின் மூன்று சில்லுச் சைக்கிள் அதிராமல் ஓட வேண்டும் என்றுதான் காற்றடைத்த டயரைச் செய்து, 1888இல் காப்புரிமை எடுத்தார் என்று அம்மாவுக்குச் சொன்னேன். “மூன்று சில்லு என்றால் நானும் சம்மதம்” என்று பதில் வந்தது. அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

ஐப்பசி மழை உன் பக்கமும் எங்கள் பக்கமும் ஒன்றாகத்தான் பிடிக்கும். அதற்கு முன் மாற்றிவிடு. முன் டயரின் காசை நான் தருகிறேன், பின் டயர் உன் பொறுப்பு. காசு கொடுக்கும் முன் அளவு, வேக எழுத்து, அந்த நான்கு இலக்கம் மூன்றும் தெளிவாகத் தெரியப் படம் எடுத்து அனுப்பு. இரவு ஒன்பது மணிக்கு முன் அனுப்பினால் அன்றே பதில் சொல்வேன், பிந்தினால் விடியத்தான்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா

பி.கு. பழைய பின் டயரை அங்கே எறிந்துவிடாதே. லீவுக்கு வரும்போது கொண்டு வா, கிணற்றடித் தென்னைக்கு அணை கட்ட அம்மா கேட்கிறார்.