வெள்ளம் வடிந்த பிறகு வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

2023 டிசம்பர் 17, மார்கழி பிறந்த அன்று கொட்டித் தீர்த்த மழையில் தாமிரபரணி கரை மீறித் திருநெல்வேலி சந்திப்புத் தெருக்களுக்குள் வந்தது. படகில் மீட்டவர்களுக்கும் சோற்றுப் பொட்டலம் தந்தவர்களுக்கும் அப்போதே நன்றி சொல்லிவிட்டோம். தண்ணீர் வடிந்த பிறகு வந்து எங்களை நோயிலிருந்து காத்தவர்களுக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை. ஆற்றங்கரைத் தெருக்காரர்களின் இந்த மடல் அவர்களுக்கு.

வெளியூர்களிலிருந்து வந்து இறங்கிய தூய்மைப் பணியாளர்களே, முதல் வணக்கம் உங்களுக்குத்தான். வீட்டு முன்கூடமான பட்டாசல் வரை சேறு. வாறுகால் எது, தெரு எது என்று தெரியவில்லை. செத்த கோழி, ஊறி நாறிய அரிசி மூட்டை, மெத்தை எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் அள்ளினீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் சின்ன வெடிப்பு வழியாகப் போனாலே எலிக்காய்ச்சல் வரலாம்; முற்றினால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பிடிக்கும். உங்களில் சிலர் வெறும் செருப்போடு அதில் நின்றதைப் பார்த்தோம். அது எங்களுக்கு இன்றும் ஆறவில்லை.

அடுத்து, எங்கள் குடிநீர்த் தொட்டி அண்ணாச்சிக்கு. தெருக்கிணற்றுக்கு நீங்கள் மருந்து போட்டதைப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். பிளீச்சிங் பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களி மாதிரிக் குழைத்து, வாளி நிறைய நீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும் வரை நின்றீர்கள். தெளிந்ததை மட்டும் இறைவாளியில் ஊற்றி, கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக இழுத்தீர்கள். "1,000 லிட்டருக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம் போதும். ஆனா ஒரு மணி நேரம் யாரும் இறைக்கப்படாது, கேட்டியளா?" என்றீர்கள். குழாய்த் தண்ணீரைச் சோதிக்கத் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். நீங்கள் தெருவின் கடைசி வீட்டுக் குழாய்க்குப் போய்ச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, குளோரின் இருப்பதைக் காட்டும் மருந்தைச் சொட்டு விட்டு, மஞ்சள் நிறம் ஏறுகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீர்கள். கிருமியைக் கொல்லும் குளோரின் 0.2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது கடைசிக் குழாயில் நிற்க வேண்டும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். வயிற்றுப்போக்கு எங்கள் தெருவில் பரவாததற்கு அந்த மஞ்சள் நிறமே காரணம் என்று நம்புகிறோம்.

நர்சம்மா, உங்கள் நோட்டுக்கும் நன்றி. "காய்ச்சல் உண்டா? வயித்தால போகுதா?" என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினீர்கள். ஒரே தெருவில் ரெண்டு மூணு பேருக்கு ஒரே மாதிரி வந்தால் உடனே தண்ணீர் மாதிரியும் ரத்த மாதிரியும் எடுக்கத்தான் இந்தக் கணக்கு என்று ஆச்சிமாருக்கும் புரிகிற மாதிரிச் சொன்னீர்கள். முகாமுக்கு வந்த டாக்டர்களுக்கும், மாதிரிகளைச் சோதித்த லேப் ஊழியர்களுக்கும் எங்கள் நன்றி.

கொசுப்புழு ஒழிக்க வந்த தங்கச்சிமாரே, உங்களைப் புறவாசலுக்குள் விடாமல் வாசலிலேயே பேசி அனுப்பியவர்களும் இந்தத் தெருவில் உண்டு. 2012-ல் டெங்கு இந்த வட்டாரத்தை, முக்கியமாகக் கடையநல்லூர் பக்கத்தை, எப்படி உலுக்கியது என்பதை மறக்கக் கூடாதவர்கள் நாங்கள். நீங்கள் கோபப்படாமல் மறுநாளும் வந்தீர்கள். சிமெண்ட் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே விரலால் தடவிக் காட்டி, "தண்ணிய மட்டும் கொட்டினாப் பத்தாது, சுவர நல்லாத் தேய்க்கணும், முட்டை இங்கனதான் ஒட்டியிருக்கும்" என்றீர்கள். அன்று முதல் எங்கள் தெருவில் வாரம் ஒரு நாள் தொட்டி தேய்க்கும் நாள்.

இந்த மடலின் பிரதியை மாநகராட்சி ஆணையருக்கும் அனுப்புகிறோம். அவரிடம் இரண்டு கோரிக்கைகள். ஐப்பசி மழைக்கு முன்பே தூய்மைப் பணியாளர்கள் ஒவ்வொருவருக்கும் முழங்கால் உயரப் பூட்ஸும் கையுறையும் கைக்கு வந்து சேர வேண்டும். கொசுப்புழுப் பணியில் இருக்கும் தினக்கூலிப் பெண்களை மழை முடிந்ததும் நிறுத்திவிடக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீரே இல்லாமல் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் நனைந்ததும் பொரிக்கும். சித்திரை வெயிலிலும் அவர்களுக்கு வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
ஆற்றங்கரைத் தெரு மக்கள்,
திருநெல்வேலி சந்திப்பு.